காரணம் சொல்லாத ஒரு 'வேண்டாம்'

பயணம் முடிந்து சில நாள் ஆகியிருக்கும். நண்பரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. நாங்கள் ஏறாமல் திரும்பிவந்த அதே மலைச்சாய்வு. இடது ஓரமாக வளைந்து வளைந்து கணவாய் வரை ஏறும் ஒரு தடம். நடுவில், மேலிருந்து ஸ்கீ எனப்படும் நீளமான சறுக்குப் பலகைகளில் பனிமேல் சறுக்கி இறங்கியவர்கள் விட்டுப்போன கோடுகள். வேறு ஏதோ ஒரு குழு போயிருக்கிறது, ஆனந்தமாக இறங்கியிருக்கிறது, வீடு போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "பார், ஒன்றும் ஆகவில்லை."

மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றும் ஆகவில்லைதான். அவர் கோபக்காரர் அல்லர். மலை தெரியாதவரும் அல்லர். எங்கள் குழுவில் பனியைப் பற்றி அதிகம் படித்தவர் அவர்தான். அதனாலேயே அந்த வரி உறுத்துகிறது. அன்று ஆறு பேர் ஒரு கணவாயின் அடியில் நின்றோம். ஒருவர் 'வேண்டாம்' என்றார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறு பேரும் திரும்பினோம். நண்பருக்கு இது குழுவின் தோல்வி: அளந்து பார்த்த சான்றுகள் ஒரு பக்கம், வெறும் பயம் இன்னொரு பக்கம், பயம் ஜெயித்தது. எனக்கோ அந்தப் பயணத்தில் நடந்தவற்றிலேயே உருப்படியானது அதுதான் என்று படுகிறது. தொலைபேசியில் பேசிப் பார்த்தோம். பேசப் பேச அவரவர் கட்சியில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டதுதான் மிச்சம். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கலாம்.

ஏறுகிற வேலை

லிஃப்ட் ஓடும் சறுக்குத் தளங்களில் மலையை நமக்காக யாரோ தயார் செய்து வைத்திருப்பார்கள். விடியும் முன்பே ஆபத்தான விளிம்புகளில் வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிட்டிருப்பார்கள். எந்திரம் ஓடித் தளத்தைச் சமன் செய்திருக்கும். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதவரை நாம் யோசிக்க வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கயிற்றுக்கு அப்பால் இருப்பதுதான் எங்களுக்குப் பிடித்த மலை. அங்கே வெடி வைக்க ஆள் கிடையாது, தூக்கிக்கொண்டு போக லிஃப்டும் கிடையாது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் எனப்படும் பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே ஏற வேண்டும். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தார்கள். இப்போது மொஹேர் ஆட்டு ரோமம், நைலான், அல்லது இரண்டின் கலவை. இழைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும். பின்னால் நழுவப் பார்த்தால் இழைகள் நிமிர்ந்து பனியைப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் கட்டில்லாமல் இருக்கும். காலணியின் முனையை மட்டும், அதை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் இரண்டு சிறு ஊசிகள் இருபக்கமும் பற்றியிருக்கும்.

இதில் பழகியவர்களை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். புதியவர் ஸ்கீயைத் தூக்கித் தூக்கி வைப்பார். பழகியவர் தூக்கவே மாட்டார், பனிமேல் இழைத்துக்கொண்டே போவார். சாய்வு செங்குத்தாகும் இடங்களில் திரும்புவதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. மேல்பக்க ஸ்கீயைத் தூக்கி, அரைவட்டம் சுற்றி, எதிர்த்திசை பார்த்து அழுத்தி வைக்க வேண்டும். உடல் எடையை அதன்மேல் ஏற்றிய பிறகு, கீழே நிற்கும் காலின் குதிகாலைப் பின்னால் ஓர் உதை உதைத்தால் ஸ்கீயின் முன்முனை துள்ளி மேலே வரும். அந்த நொடியில் அதைச் சுழற்றி இழுத்துக்கொள்ள வேண்டும். உதை சரியாக விழாவிட்டால் முனை பனியில் குத்திக்கொண்டு நிற்கும்; இரண்டு கால்களும் இரண்டு திசை பார்க்கும். எங்கள் குழுவில் எல்லாருக்குமே காலையில் ஒரு முறையாவது அந்தக் கோலம் வாய்த்தது. படம் எடுத்தவரைத் தவிர, அவர் எடுத்துக்கொண்டிருந்ததால்.

திட்டம் எளிமையானது. பள்ளத்தாக்கின் அடிவாரத்திலிருந்து கிளம்பி, ஓடையை ஒட்டிய காட்டின் வழியே ஏறி, மரங்கள் முடியும் இடத்தில் கிண்ணம் போல விரியும் அகலமான பள்ளத்தைக் கடந்து, கணவாயில் ஏறி, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்குவது. வண்டியை மறுபக்கம் நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தோம். கணவாய் வரை 7 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம். இதற்கு வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி சொல்லிக்கொடுத்த ஒரு வழக்கமான கணக்கு உண்டு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக எண்ணி, தூரத்தோடு கூட்டி, நான்கால் வகுத்துவிடு. 7-உம் 9-உம் 16. நான்கு மணி நேரம். ஆறு பேர் என்றால் அதற்கு மேலும் ஆகும். ஒருவர் கையுறையைக் கழற்ற நின்றால் ஆறு பேரும் நிற்க வேண்டும்.

வழியை வகுத்தவரும் நடத்திச் சென்றவரும் எங்கள் எல்லாரையும்விட மூத்தவரான ஓர் அக்கா. மலையில் பல குளிர்காலங்களைக் கழித்தவர். ஆனால் அதைப் பேச்சில் காட்டிக்கொள்ளாதவர். கிளம்புமுன் ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து போகச் சொல்லி, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவியான டிரான்சீவர் சரியாக ஒலிபரப்புகிறதா என்று கேட்டுப் பார்த்தார். இந்தக் கருவிகள் எல்லாமே, எந்த நிறுவனம் செய்ததானாலும், 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசும். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, துடிப்பைப் பின்தொடர்ந்து போய், மடித்து விரிக்கும் நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, ஷவலால் தோண்ட வேண்டும். கைப்பேசியை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். டிரான்சீவருக்கு அருகே 20 சென்டிமீட்டருக்குள் மின்னணுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தேடும்போது அந்த இடைவெளி 50 ஆக வேண்டும். நண்பர் கைப்பேசியைக் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குத் தெரியாத விஷயமில்லை, மறந்திருந்தார், அவ்வளவுதான்.

முந்தின மாலையே அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார். வழியில் எந்த இடத்திலும், யார் வேண்டாம் என்றாலும் திரும்பிவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கருத்துக் கேட்கும்போது அனுபவம் குறைந்தவரிடமிருந்துதான் தொடங்குவேன், நான் கடைசியில்தான் சொல்வேன். எல்லாரும் தலையாட்டினோம். கதகதப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு தலையாட்டுவதில் யாருக்கும் சிரமம் இருப்பதில்லை.

பலர் இருந்தால் பலமா?

காடு நன்றாக இருந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தேவதாரு மரங்கள், நிழல், யாரோ ஒருவரின் வேலைக் கதைகள். பனியில் நடக்கும் குழுவின் பேச்சு விநோதமானது. முன்னால் போகிறவரின் முதுகோடு பேசிக்கொண்டே போவோம். பதில் காற்றில் பாதிதான் வரும். மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். அந்த நீண்ட வரிசையில் போகும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் நான் சந்தேகப்படத் தொடங்கியிருக்கிறேன். ஆறு பேர் இருக்கிறோம், ஆளுக்கொரு ஷவல் இருக்கிறது, ஏதாவது என்றால் தோண்ட ஐந்து பேர். கணக்குச் சரியாகத்தான் தோன்றும்.

தோண்டுவதைப் பற்றியே முதலில் பேசுவோம். சுவிட்சர்லாந்தின் நாற்பது ஆண்டுப் பதிவுகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று, முழுதாகப் புதைந்தவர்களில் முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்ததாகவும், அடுத்த இருபது நிமிடங்களில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்துவிடுவதாகவும் சொல்கிறது. பத்து நிமிடம். ஓடிநின்ற பனிச்சரிவு கால் புதையாத அளவுக்கு இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவரை எடுப்பதென்றால் ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். ஐந்து பேர் இருப்பது உதவிதான். ஆனால் அந்த ஐந்து பேரும் வெளியே நிற்க வேண்டுமே! வரிசையாக ஒரே சாய்வில் நிற்கிறவர்கள் காப்பாற்ற வந்தவர்களாக இருக்க மாட்டார்கள், கூடவே போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

இன்னொரு ஆய்வு 2016-ல் வந்தது, சுவிட்சர்லாந்து, இத்தாலித் தரவுகளை வைத்து. மலைக்குப் போகிறவர்கள் எந்த அளவு குழுக்களாகப் போகிறார்கள், பனிச்சரிவில் சிக்குகிறவர்கள் எந்த அளவு குழுக்களில் இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு பேரும் அதற்கு மேலும் உள்ள குழுக்களுக்கு ஆபத்து கூடுதல். இருவராகப் போனவர்களுக்குக் குறைவு. எடை கூடுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது வாய். ஆறு பேர் இருக்கும் இடத்தில், பேச வேண்டியதை இன்னொருவர் பேசுவார் என்று ஆறு பேரும் காத்திருக்க முடியும். இருவர் இருந்தால் அந்த வசதி இல்லை.

2012 பிப்ரவரி 19-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் சறுக்குத் தளத்தின் எல்லைக்கு அப்பால் உள்ள டனல் க்ரீக் பள்ளத்தாக்கில் நடந்த பனிச்சரிவு மலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பதினாறு பேர் கொண்ட கூட்டம். அவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தவர்கள், அந்த மலையைத் தங்கள் வீட்டு முற்றம் போல அறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். கூட்டம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்ற நெருடல் அன்று காலையிலேயே பலருக்கு இருந்திருக்கிறது. பிறகு அவர்களே பேட்டிகளில் சொன்னார்கள். அன்று மலைமேல் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை பெரிய ஆட்கள் இருக்கும்போது நான் யார் சொல்ல, என்ற எண்ணம்தான். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதை அது, ஆபத்தே அந்த மரியாதையில்தான் இருக்கிறது.

இயன் மெக்கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972 முதல் 2003 வரை அங்கே நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். பனியைப் பற்றிப் படித்தவர்கள், கண்ணெதிரே அறிகுறிகள் இருந்தும், ஏன் போனார்கள்? அவர் அடையாளம் கண்ட பொறிகள் எல்லாமே மனிதர்களைப் பற்றியவை, பனியைப் பற்றியவை அல்ல: தெரிந்த இடம்தானே என்ற அலட்சியம், நால்வர் மதிக்க வேண்டும் என்ற ஆசை, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம், விஷயம் தெரிந்தவர் முன்னால் போகிறார் என்ற நம்பிக்கை, பிறர் முன்னிலையில் வரும் துணிச்சல், நமக்கு முன் வேறு யாரும் தடம் போட்டுவிடுவார்களோ என்ற பரபரப்பு. அந்தப் பட்டியலை எங்களோடு ஒப்பிட்டால், வண்டி மறுபக்கம் நிற்கிறது என்பது ஒன்றே போதும்.

கணவாயின் அடியில்

அன்றைய பனிச்சரிவு அறிக்கை ஐந்தில் மூன்று என்று சொன்னது: கணிசமான ஆபத்து. இந்த மூன்றாம் எண் ஒரு தொல்லை. நான்கு என்றால் வீட்டில் இருந்துவிடலாம், ஐந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒன்று என்றால் கவலை குறைவு. மூன்று என்றால் 'போகலாம், ஆனால்' என்று பொருள். ஆல்ப்ஸ் மலையில் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு இந்த எண் அறிவிக்கப்பட்ட நாட்களில்தான். முந்தின நாள் மேற்கிலிருந்து காற்று வீசியிருந்தது. காற்று பனியை ஒரு பக்கத்திலிருந்து வாரி முகட்டைத் தாண்டி மறைவுப் பக்கத்தில் கொட்டும். உடைந்த துகள்கள் நெருங்கிக் கட்டிப்போய்ப் பலகையாக இறுகும். எங்கள் கணவாயின் இந்தப் பக்கம் வடகிழக்கு. மறைவுப் பக்கம்.

மரங்கள் முடிந்த இடத்தில், ஆபத்தில்லாத ஒரு மேட்டில், அதே திசை பார்த்த சிறு சாய்வில், பனியின் அடுக்குகளைச் சோதித்துப் பார்க்கக் குழி தோண்டினோம். தோண்டியவர் நண்பர். அழகாகத் தோண்டினார், சுவரை ஷவல் விளிம்பால் வழித்துவிட்டு, அடுக்குகளை விரலால் குத்திக் குத்திக் காட்டினார். மேலே கால்மீட்டர் அளவுக்குக் காற்று குவித்த இறுகிய பனி, அதன்கீழே பழைய பனி, அதற்கும் கீழே, ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில், கையில் எடுத்தால் சர்க்கரை போல ஒட்டாமல் உதிரும் மணிகள். குளிர்காலத்தின் தொடக்கத்தில் மெல்லிய பனி மட்டும் இருந்தபோது உருவானவை அவை. தரை ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று கடுங்குளிர். நடுவில் பனி மெல்லியதாக இருந்தால் ஈரம் ஆவியாகி மேல்நோக்கி நகரும். நகரும் வழியில் மணிகள் கோணல்மாணலாக வளர்ந்து, ஒன்றையொன்று பற்றாமல் போகும். அதன்மேல்தான் பிறகு விழுந்த அத்தனை பனியும் உட்கார்ந்திருந்தது.

90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிமன் என்று ஒரு தூணை நான்கு பக்கமும் பிரித்து அறுத்தார். ஓர் ஓரத்தில் ஷவலை வைத்து, முதலில் மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, அதன்பின் தோளிலிருந்து பத்து. விரிசல் எப்போது விழுகிறது என்பதைவிட, விழுந்த விரிசல் தூணின் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓடினால், பெரிய சாய்வில் ஒரு மூலையில் வைத்த கால் நூறு மீட்டர் தள்ளி மேலே பலகையை உடைக்க முடியும். முழங்கைத் தட்டுகளில், பதினேழாவதில், சர்க்கரை அடுக்கில் ஒரு கோடு தெரிந்தது. பாதித் தூரம் ஓடியது, நின்றது. அடுத்த தட்டில் நகரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நண்பர் நிமிர்ந்தார். "பரவவில்லை" என்றார். வரைபடத்தில் அளந்திருந்த சாய்வின் செங்குத்து, அதிகபட்சம் 33 டிகிரி. முன்டரின் எளிய விதி, மூன்றாம் எண் நாளில் 35-க்குள் இருந்துகொள் என்பது. அதுவும் பொருந்தியது. ஏறும் வழியில் காலடியில் பனி 'வும்ஃப்' என்று அமுங்கும் அந்த ஓசையையும் நாங்கள் கேட்கவில்லை. ஆக, காகிதத்தில் எல்லாம் சரி.

அக்கா எல்லாரையும் அருகில் கூப்பிட்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் இதைப் பழகத் தொடங்கியிருந்த இளைஞனைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்."

அவன் கணவாயைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், திரும்பவும் கணவாயைப் பார்த்தான். கையுறை விரலால் தோள்பட்டையின் கொக்கியைத் திறந்து மூடினான். "எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது, அக்கா" என்றான். "ஏன் என்று" எனத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"சரி" என்றார் அக்கா. "திரும்பலாம்." உடனே குனிந்து தன் ஸ்கீயிலிருந்து ஸ்கின்னை உரிக்கத் தொடங்கிவிட்டார். கருத்துக் கேட்கும் வரிசையில் நான் மூன்றாவது. என் முறை வரவேயில்லை. வந்திருந்தால் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். குழியைப் பார்த்தவரை அதுதான் என் கணிப்பு, இப்போதும் அதில் எனக்கு வெட்கம் இல்லை. நண்பர் வாய் திறந்தார். அக்கா நிமிராமலே, "மாலையில் பேசலாம்" என்றார். ஸ்கின்னின் பசைப்பக்கத்தை மடித்து ஒட்டி, உறைந்துபோகாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். காலணி முனையில் பைண்டிங்கின் ஊசிகள் பொருந்தும் துளைகளில் உறைந்திருந்த பனியைக் கம்பின் முனையால் குத்தித் தள்ளினார். குதிகாலை அழுத்தி 'டக்' என்று பூட்டினார். அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே நாங்களும் அதையே செய்தோம். விவாதம் நடக்க வேண்டிய நேரத்தை வேலை எடுத்துக்கொண்டது. அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன்.

இறக்கம் சுமார். காட்டுக்குள் பனி மேலே பொருக்குத் தட்டி, கீழே மாவாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீ உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அடிவாரத்திலிருந்து மறுபக்கத்து வண்டியை எடுத்துவர நண்பரும் நானும் மலையைச் சுற்றி ஊர்தி ஊர்தியாக மாறிப் போக வேண்டியிருந்தது. இருட்டிவிட்டது. அந்த அலைச்சலில்தான் இந்தத் தகராறு பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரியாத சாய்வு என்ன சொல்கிறது?

நண்பரின் வாதத்தை நான் எளிதாக்கிக் காட்ட விரும்பவில்லை. அது வலுவான வாதம். கருத்துக்குக் காரணம் இருக்க வேண்டும், அவர் கேட்பது அவ்வளவுதான். காரணமில்லாத மறுப்புக்கு ஆறு பேரும் கட்டுப்பட வேண்டும் என்றால், குழி எதற்கு, அறிக்கை எதற்கு, ஆண்டுக்கணக்கில் படித்தது எதற்கு? இன்று பயம், நாளை களைப்பு, மறுநாள் சோம்பல். எல்லாமே 'வேண்டாம்' என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். யாரும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இப்படிப் போனால் எந்தக் குழுவும் எந்தக் கணவாயையும் தாண்டாது.

இதற்கு என்னிடம் இரண்டு பதில் உண்டு. ஒன்று குழியைப் பற்றியது. 90 சென்டிமீட்டர் தூண் அந்த 90 சென்டிமீட்டரைப் பற்றித்தான் பேசுகிறது. பனிப்போர்வையின் தடிமனும் அடுக்குகளும் சில மீட்டர் தூரத்துக்குள்ளேயே மாறும். பாறை தலைநீட்டும் இடத்தில் மெலிந்திருக்கும், பள்ளத்தில் தடித்திருக்கும். பலகை தடித்த இடத்தில் நடப்பவர் தப்பிப்பார், மெலிந்த இடத்தில் கால் வைத்தவர் உடைப்பார். அதனால்தான் பனி படித்தவர்கள், குழியில் கெட்ட செய்தி கிடைத்தால் திரும்பு, நல்ல செய்தி கிடைத்தால் அதை மட்டும் நம்பிப் போகாதே என்பார்கள். நண்பரே எனக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று மட்டும் பதினேழாம் தட்டில் நின்ற விரிசலை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பதில் அந்தப் புகைப்படத்தைப் பற்றியது. பலவீனமான அடுக்கு உள்ள சாய்வுகூடப் பெரும்பாலான நேரம் சரிவதில்லை. பத்துப் பேர் போய்வருவார்கள், பதினொன்றாமவர் வேறொரு மூலையில் திரும்புவார். போய்வந்த பத்துப் பேருக்கும் மலை எதையும் கற்றுத்தருவதில்லை. தங்கள் கணிப்பு சரி என்ற எண்ணத்தைத் தந்து அனுப்புகிறது. சரியான முடிவுக்கும் தப்பிப் பிழைத்ததற்கும் கீழிருந்து பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. அனுபவம் கூடக்கூடத் துணிச்சல் மட்டும் கூடும் விளையாட்டு இது. எனவே, நாங்கள் ஏறியிருந்து ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் நாங்கள் சரி என்று ஆகியிருக்காது. நாங்கள் ஏறாமல் பிறர் ஏறி ஒன்றும் ஆகாததால் நாங்கள் தவறு என்றும் ஆகாது. இதை நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் எந்தச் சான்றாலும் உன்னைத் தோற்கடிக்க முடியாது, இல்லையா?" என்றார். உண்மையில் நல்ல அடி. அதற்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல முடியும். காரணம் கேட்கும் வழக்கம் நடுநிலையானதாகத் தோன்றுகிறது. அது நடுநிலையானது அல்ல. காரணம் கோத்துப் பேசத் தெரிந்தவர் பக்கமே அது எப்போதும் சாயும். அன்று அந்தக் கூட்டத்தில் பலகை, அடுக்கு, பரவல் என்று சொற்களோடு பேசக்கூடியவர் நண்பர். பேச முடியாதவன் அந்த இளைஞன். காரணம் கேட்டிருந்தால் அவன் இரண்டே நிமிடத்தில் தோற்றிருப்பான், எங்களோடு ஏறியும் இருப்பான். அடுத்த முறை நெருடல் வந்தால் வாயே திறந்திருக்க மாட்டான். போகலாம் என்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதுவும் ஒரு தோன்றல்தான்; பெரும்பான்மையோடு நிற்பதால் அதற்கு வாடகை வசூலிப்பதில்லை.

பல நாள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, அவனாகவே என்னிடம் சொன்னான். கடைசி மரத்தைத் தாண்டியதிலிருந்து யாரும் பேசவில்லையாம். காடு முழுக்க ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள், கிண்ணத்தின் விளிம்பு தெரிந்ததும், ஒருவர்பின் ஒருவராக அடங்கிவிட்டார்கள். குழி தோண்டும்போது எழுந்தது எல்லாம் தொழில் பேச்சு. இவர்கள் எல்லாருக்கும் பயமாக இருக்கிறது, யாரும் சொல்லவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், அவன் சொன்னது உண்மை. நாங்கள் எல்லாரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் எங்களைப் பார்த்திருக்கிறான். இதை அங்கேயே சொல்லியிருந்தால் நாங்கள் காரணமாக ஏற்றிருப்போமா? சிரித்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாரும் எதற்கும் வேண்டாம் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கான விடை மலையடியில் இல்லை, முந்தின மாலையில் இருக்கிறது. மூன்றாம் எண் நாளில், காற்று மறைவுப் பக்கம், மறுபக்கத்தில் வண்டி என்று திட்டமிட்டால், 'வேண்டாம்' என்பதன் விலையை நாமே ஏற்றி வைக்கிறோம். 25 டிகிரிக்குள் அடங்கும் காட்டுச் சாய்வு ஒன்றை மாற்றாக வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பும் திட்டம் போட்டிருந்தால், அந்த ஒரு சொல் யாருடைய நாளையும் கெடுத்திருக்காது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. வண்டியை மறுபக்கம் நிறுத்தும் யோசனை யாருடையது என்று கேட்டார். நண்பருடையது. இருவரும் அதை அத்துடன் விட்டுவிட்டோம்.

அடுத்த பயணத்துக்கு நண்பர் வருகிறார். ஒரே நிபந்தனை: வேண்டாம் என்றவர், கீழே வந்த பிறகாவது, காரணம் சொல்ல முயல வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டார், ஆனால் எல்லார் கால்களிலிருந்தும் ஸ்கீ கழன்ற பிறகுதான் கேட்கலாம், தெரியாது என்பதையும் பதிலாக ஏற்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். நண்பர் யோசித்துவிட்டு, அப்படியானால் இந்த முறை மலையடியில் கருத்துச் சொல்லும்போது தன்னிடமிருந்து தொடங்கலாமா என்று கேட்டார். அவரை ஐந்தாவதாகப் போட்டிருக்கிறோம்.